மாட்ரிட்டில் அம்மாவோடு மூன்று மதியச் சாப்பாடுகள்

மாட்ரிட் போய் இறங்கிய மறுநாள் மதியம் பன்னிரண்டே காலுக்கு அரண்மனையை விட்டு வெளியே வந்தோம். அம்மாவின் விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. சர்க்கரை இறங்கினால் அம்மாவுக்கு முதலில் விரல்தான் காட்டிக்கொடுக்கும். கைப்பையில் இருந்த பிஸ்கட் இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்மா, சாப்பிட்டுடலாம்" என்றேன். அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமாக இழுத்தது.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. பன்னிரண்டரைக்குத் தட்டு முன்னால் இருந்தாக வேண்டும். கறி, மீன் தொடமாட்டாள். முட்டை மட்டும், டாக்டர் சொன்னதால், பத்துப் பதினைந்து வருஷமாகச் சாப்பிடுகிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் மூன்று நாளைக்கும் மணிக்கணக்கில் அட்டவணை போட்டிருந்தேன். எந்த நுழைவுச்சீட்டு எத்தனை மணிக்கு, எந்த மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, எங்கே உட்கார பெஞ்சு கிடைக்கும் என்று எல்லாம் அதில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நேராக மட்டும் மூன்று நாளும் 'வழியில்' என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அரண்மனையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 3,000-க்கும் மேல் அறைகள் உள்ள கட்டிடம், அதில் கொஞ்சம்தான் நாம் பார்க்கிற வழியில் வரும். பழைய அரண்மனை 1734-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு தீப்பிடித்து எரிந்துபோனது, அதே இடத்தில்தான் இது எழுந்தது. இந்த ஒரு சேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நாள் கதைக்கு வேண்டும்.

வெளியே வந்து மயோர் தெருவில் நடந்தோம். அங்கேதான் முதல் அதிர்ச்சி. உணவகங்கள் திறந்திருக்கின்றன, மேசை போட்டிருக்கிறார்கள், ஆனால் சமையலறை திறக்கவில்லை. ஓரிடத்தில் மேசைமேல் தாள் விரித்துக்கொண்டிருந்த பெண், தன் கைக்கடிகாரத்தைக் காட்டி ஒன்றரை என்று சைகை செய்தாள். இன்னொரு இடத்தில் இரண்டு மணி என்றார்கள். பார்களின் கண்ணாடிப் பெட்டியில் ரொட்டிக்கு நடுவே பன்றித்தொடை, ரொட்டிக்கு நடுவே பொரித்த கணவாய். பிளாசா மயோரைச் சுற்றிய தெருக்களில் இந்தக் கணவாய் ரொட்டி ரொம்பப் பிரசித்தம், வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அம்மாவுக்கு அதில் ஒன்றும் ஆகாது.

அப்படியே பிளாசா மயோருக்குள் வந்து சேர்ந்தோம். 1619-இல் கட்டி முடித்த சதுக்கம், நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், 237 பால்கனிகள், நடுவில் குதிரைமேல் மூன்றாம் ஃபிலிப் மன்னர். நான் எதையும் பார்க்கவில்லை. குடைகளுக்குக் கீழே மேசைகள் இருந்தன, அங்கே பன்னிரண்டரை மணிக்கும் சாப்பாடு இருந்தது. வாசலில் நின்றவர் ஆறு மொழியில் அச்சடித்த அட்டையை நீட்டினார். ஒவ்வொரு பண்டத்துக்கும் பளபளவென்று படம். காய்கறி பாயேயா என்று ஒரு படத்தைத் தொட்டுக் கேட்டேன், தலையை ஆட்டினார். உட்கார்ந்துவிட்டோம்.

ஏழே நிமிஷத்தில் தட்டு வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பாயேயா என்பது அகலமான இரும்புத் தட்டில், பச்சரிசியைச் சாற்றோடு சேர்த்து அடுப்பில் வைத்து, கிளறாமல் வேகவிடுவது. அரிசி வேகவே இருபது நிமிஷம் போல ஆகும். ஏழு நிமிஷத்தில் வருவது எங்கேயோ செய்து, உறைய வைத்து, சூடாக்கியது. ஓரம் சுட்டது, நடுவில் சில்லென்று இருந்தது. அம்மா ஓரத்தை மட்டும் சாப்பிட்டாள். பக்கத்து மேசை எழுந்ததும் அடுத்த ஆட்களை உட்கார வைக்க அவசரம், கேட்காமலே பில் வந்தது, அதில் நாங்கள் தொடாத ரொட்டிக்கும் தனிக்காசு. "போதும்டி, வயிறு நெறஞ்சிடுச்சு" என்றாள் அம்மா. பொய். அம்மா குறை சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலை விடுதியின் வரவேற்பில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். எழுபதை ஒட்டிய மனிதர், பொறுமையாக, பாதி ஆங்கிலத்திலும் பாதி கையசைவிலும் சொன்னார். இந்த ஊரில் சாப்பாட்டு நேரமே வேறு. காலையில் எழுந்ததும் காப்பியும் ஏதாவது கொஞ்சமும். பதினொன்று பதினொன்றரைக்கு இன்னொரு சின்ன ஆகாரம், தக்காளி தேய்த்த ரொட்டியோ, முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்து, கனமாக, வட்டமாகச் சுடுகிற தொர்த்தியாவில் ஒரு துண்டோ. மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நாலு வரை, அதுதான் நாளின் பெரிய சாப்பாடு. ராத்திரி ஒன்பதுக்கு மேல். பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு போடும் இடம், தங்கள் ஊர்க்காரர்களுக்காகப் போடுவதில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது. தன் வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு சரியில்லை என்று கேட்டவர் போல.

பிறகு ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். விஷயம் கடிகாரத்தில் இருக்கிறது. மாட்ரிட், கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே கிடக்கிற ஊர். நியாயமாக லண்டன் நேரம்தான் அதற்குப் பொருந்தும். 1940-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது, அப்புறம் யாரும் திருப்பி வைக்கவே இல்லை. கோடைக்காலத்தில் இதற்கு மேல் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுகிறார்கள். ஆக, மே மாதத்தில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி 2:10 ஆகியிருக்கும். வயிறு கடிகாரத்தைப் பார்த்துப் பசிப்பதில்லையே. இரண்டு மணிக்குச் சாப்பிடுகிற மாட்ரிட்காரர், வெயில் கணக்கில் பார்த்தால் நடுப்பகலில்தான் சாப்பிடுகிறார்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே சந்தோஷம். "அதான் காலைல ஏழு மணிக்கே அவ்ளோ மங்கலா இருந்துச்சா? நம்ம வயித்த குத்தம் சொல்ல வேணாம்" என்றாள். உடனே அட்டவணையை எடுத்துக் கிழிக்காத குறையாகத் திருத்தினேன். மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்கு நட்டு வைத்தேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். அம்மாவின் மருத்துவருக்கும் அன்றிரவே செய்தி அனுப்பி, மாத்திரையை எப்படி மாற்றி வைப்பது என்று கேட்டுக்கொண்டேன். சர்க்கரைக்காரரை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள், நான் செய்தது போல ராத்திரி பதினொன்றுக்கு அல்ல.

இரண்டாம் நாள், புதன். பத்து மணிக்குப் பிராடோ அருங்காட்சியகம். பதினொன்றரைக்கு உள்ளேயே இருக்கிற சிற்றுண்டிக்கடையில் அம்மாவுக்கு ஒரு பால் காப்பி, கொஞ்சம் ரொட்டி. அந்த ஒரு சின்ன ஆகாரத்தில் பசி அடங்கி, அம்மா படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' முன்னால் நின்றபோது, நேற்றுச் சொன்னேனே அந்த 1734 தீ, அதிலிருந்து தப்பி வந்த படம் இது என்று சொன்னேன். "இவ்ளோ பெருசையா தூக்கிட்டு ஓடினாங்க?" என்று மேலும் கீழும் பார்த்தாள். மூன்று மீட்டருக்கு மேல் உயரம்.

ஆனால் அம்மாவைப் பிடித்து வைத்தது வேறொரு படம். சின்னது, ஒரு மீட்டர்கூட அகலம் இல்லை. கோயா 1788-இல் வரைந்த சான் இசித்ரோ புல்வெளி. ஆற்றங்கரை மேட்டில் ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்னால் புல்லில் ஆணும் பெண்ணுமாகச் சாய்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், குடை பிடித்த பெண், கீழே கொத்துக் கொத்தாக ஜனங்களும் வண்டிகளும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று மாட்ரிட். அரண்மனை ஒரு புறம், பெரிய தேவாலயக் கும்மட்டம் ஒரு புறம். அரண்மனைக்கு நெசவுச் சீலை செய்வதற்காக வரைந்த மாதிரி அது. அந்த வருஷக் கடைசியில் மன்னர் மூன்றாம் கார்லோஸ் இறந்துபோனதால் சீலையாக நெய்யப்படவே இல்லை. மே 15-ஆம் தேதி சான் இசித்ரோ திருவிழா, ஊர்க்காவல் புனிதருடைய நாள். நாங்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்றது மே 14.

பக்கத்தில் காவலுக்கு நின்ற பெண் எங்களைப் பார்த்து, கையை ஜன்னல் பக்கம் காட்டி, "மன்யானா" என்றாள். நாளைக்கு.

கீழ்த்தளத்தில் அதே கோயா, அதே திருவிழாவை இன்னொரு தடவை வரைந்திருக்கிறார். 1820-க்கும் 1823-க்கும் இடையில், வயதாகி, காது கேளாமல், அந்தப் புல்வெளிக்குப் பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுச் சுவரில். கறுப்பு, கறுப்பு, எல்லாம் கறுப்பு. வாயைப் பிளந்துகொண்டு வருகிற கூட்டம். அம்மா இரண்டு நிமிஷம் பார்த்தாள். "இதுவும் அதே எடமா?" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடி மேலே போய் அந்தச் சின்னப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தோம்.

மணி ஒன்றரை. பிராடோவுக்கு எதிரே பெரிய சாலையைக் கடந்தால் எழுத்தாளர் பேட்டை என்று சொல்கிற பகுதி. தரையிலேயே பித்தளை எழுத்தில் வாசகங்கள் பதித்திருக்கிறார்கள். நாடக ஆசிரியர் லோப்பே தே வேகாவின் வீடு செர்வாண்டெஸ் தெருவில் இருக்கிறது, 'டான் குயிக்சாட்' எழுதிய செர்வாண்டெஸை அடக்கம் செய்த மடம் லோப்பே தே வேகா தெருவில் இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பிடிக்காமல் வாழ்ந்தவர்கள்.

எப்படித் தேடினேன் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் என்னிடம் பலரும் கேட்டார்கள். முதலில் கைபேசியைப் பைக்குள் போட்டேன். பெரிய காட்சியிடங்களைச் சுற்றி இருக்கும் கடைகளுக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள் ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறவர்கள். எனக்கு வேண்டியது, அதே ஆட்கள் வாரத்துக்கு ஐந்து நாள் வந்து சாப்பிடுகிற இடம். தினம் வருகிறவரை ஏமாற்ற முடியாது, மறுநாள் வரமாட்டார். அந்தச் சாப்பாட்டுக்கு ஸ்பெயினில் ஒரு பெயரே இருக்கிறது: மெனு தெல் தியா, அன்றைய சாப்பாடு. 1960-களின் நடுவில், வெளிநாட்டுப் பயணிகளுக்காக நிலையான விலையில் ஒரு முழுச்சாப்பாடு வைத்தாக வேண்டும் என்று உணவகங்களுக்கு அரசு விதி போட்டது. சுற்றுலாத்துறையைக் கையில் வைத்திருந்த மனுவேல் ஃபிராகா அமைச்சராக இருந்த காலம். பயணிகளுக்கென்று வந்ததை உள்ளூர் உழைப்பாளிகள் எடுத்துக்கொண்டார்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காப்பியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. பெரும்பாலும் வேலை நாட்களில், மதியத்தில் மட்டும்.

அது இருக்கிற கடையைக் கண்டுபிடிக்க, கரும்பலகையைப் பார்க்க வேண்டும். சாக்பீஸால் கையால் எழுதியிருக்க வேண்டும், நேற்று எழுதியதை அழித்த தடம் தெரிந்தால் இன்னும் நல்லது. ஸ்பானிய மொழியில் மட்டும் இருக்க வேண்டும். வாசலில் நின்று கூப்பிட ஆள் இருக்கக் கூடாது. படம் கூடவே கூடாது. முதல் கடையில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் உயரமான ஸ்டூல்கள், அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. இரண்டாவது கடையில் தொலைக்காட்சிச் சத்தம் காதைக் கிழித்தது. மூன்றாவது, அன்டோன் மார்ட்டின் மெட்ரோவுக்குப் போகிற வழியில் ஒரு குறுக்குச்சந்து. பன்னிரண்டு மேசை இருக்கும், காகித விரிப்பு, வண்ணப் பூச்சுக் கறை படிந்த சட்டையோடு இரண்டு பேர், செய்தித்தாளோடு தனியாக ஒரு கிழவர். பலகையில் 14 யூரோ. உள்ளேயிருந்து வந்த வெங்காயம் வதங்குகிற வாசனையில் அம்மா தானாகவே நின்றுவிட்டாள்.

இடமும் இருந்தது. இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்விட்டோம், அது முக்கியம். இரண்டேகாலுக்கெல்லாம் ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை.

ஐம்பது வயதிருக்கும் பரிமாறுகிற அம்மாளுக்கு. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்: சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ. கறி இல்லாமல், பன்றித்தொடை இல்லாமல், மீன் இல்லாமல். மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கறி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடைத் துணுக்கு போட்டுக் கொண்டுவருவார்கள், அவர்கள் மனதில் அது கறிக்கணக்கில் வராது. சாலட் என்று கேட்டாலும் மேலே சூரை மீன் இருக்கலாம். பலகையில் முதலில் பருப்புச் சூப் இருந்தது. அம்மாவுக்கு அதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். அந்த அம்மாள் ஒரு நொடி யோசித்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்து, விரலை ஆட்டினாள். சொரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி போட்டுத்தான் வேக வைத்திருக்கிறார்களாம். மேலே மிதக்கிற துண்டை எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கலாம், எங்களுக்குத் தெரியவே போவதில்லை. அந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அவளே ஒரு வழியும் சொன்னாள். "தோஸ் ப்ரிமேரோஸ்." இரண்டாம் தட்டில் இருப்பதெல்லாம் மீனும் கறியும்தான், அதனால் அம்மாவுக்கு முதல் தட்டுகளில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இரண்டு வார்த்தையைப் போல உதவியது வேறு எதுவும் இல்லை.

முதலில் சல்மொரேஹோ வந்தது. பழுத்த தக்காளி, பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைத்த குளிர்ந்த கூழ். மேலே வழக்கமாகப் போடுகிற பன்றித்தொடையை விட்டுவிட்டு, அவித்த முட்டையை மட்டும் தூவியிருந்தார்கள். இரண்டாவதாக அம்மாவுக்கு மண்சட்டியில் கொண்டைக்கடலையும் கீரையும். அம்மா மூடியைத் திறந்ததும் குனிந்து முகர்ந்தாள். "சீரகம்டி!" என்றாள். முந்தாநாள் விமானம் ஏறியதிலிருந்து அம்மா குரலில் அந்த வேகத்தை நான் கேட்கவில்லை. நிஜமாகவே சீரகம்தான், கூடவே கொஞ்சம் பூண்டு, சிவப்பு மிளகாய்த்தூள். ரொட்டியால் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டாள். நான் ஒரு துண்டு மெர்லூசா மீன் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது, ஆனால் என் கண்ணெல்லாம் அம்மாவின் சட்டியில்தான் இருந்தது.

குடிக்க ஜாடியில் குழாய்த் தண்ணீர். மாட்ரிட் தண்ணீர் மலையிலிருந்து வருவது, குடிக்க அருமையாக இருக்கும். உணவகங்கள் அதை இலவசமாகத் தரவேண்டும் என்று 2022-இல் சட்டமே வந்துவிட்டது, கேட்கத் தயங்கவே வேண்டாம். பெயின்டர்கள் இருவரும் சிவப்பு வைனில் சோடா ஊற்றி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அரோஸ் கோன் லேச்சே, பாலில் வெந்த அரிசி, மேலே பட்டைத்தூள். அம்மா சர்க்கரைக்குப் பயந்து இரண்டே ஸ்பூன். அவளுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்து வட்டமாக நறுக்கித் தந்தார்கள்.

அப்புறம் பில் வரவில்லை. மூன்று மணி ஆயிற்று, வரவில்லை. மறந்துவிட்டார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சுற்றிலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெயின்டர்கள் காப்பியோடு பேசிக்கொண்டிருந்தார்கள், கிழவர் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். அப்போதுதான் விடுதிப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. சோப்ரெமேசா. சாப்பிட்டு முடித்த பிறகும் மேசையை விட்டு எழாமல் இருக்கிற நேரத்துக்கு இங்கே ஒரு தனிப் பெயர். நாம் கேட்காமல் பில் கொண்டுவருவதை எழுந்து போ என்று சொல்வதாக நினைக்கிறார்கள். சரி என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அம்மா மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"எக்ஸ்சேஞ்சுல மத்தியானம் எப்படிச் சாப்பிடுவோம் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். முப்பத்தோரு வருஷம். எனக்கு அந்த வேலையைப் பற்றித் தெரிந்தது, அவள் சீருடைபோல எப்போதும் இஸ்திரி போட்ட புடவையில் போவாள் என்பது மட்டும்தான். அன்று சொன்னாள். தலையில் மாட்டிய ஹெட்செட்டைக் கழற்ற வேண்டுமென்றால் மாற்று ஆள் வந்து பின்னால் நிற்க வேண்டும். அவள் வந்தால்தான் சாப்பாடு. பதினொன்றேகாலுக்கும் வருவாள், இரண்டரைக்கும் வருவாள். பதினைந்து நிமிஷம். பாதிச் சாப்பாட்டில் சூப்பர்வைசர் கதவருகே வந்து நின்றால், டப்பாவை மூடிவிட்டு எழ வேண்டியதுதான். என்னைச் சுமந்துகொண்டிருந்த மாதங்களில் ஒரு தோழி தன் பதினைந்து நிமிஷத்தையும் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாளாம். அந்தத் தோழியை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இதை ஒருநாளும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"ஓய்வு வந்தப்புறமும் பன்னண்டரைன்னா பன்னண்டரைக்குத் தட்ட வச்சுடுவேன். யாரும் வந்து நிக்க மாட்டாங்கன்னு மனசுக்குத் தெரியாது பாரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு இவ்ளோ நேரம் உக்காந்ததே இல்லடி" என்றாள்.

நாலு மணிக்கு எழுந்தோம். கதவைத் தாண்டி வெளியே வந்தபோது சந்தே அமைதியாக இருந்தது. அன்றைக்கு ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் பிக்காசோவின் 'கெர்னிகா' பார்க்க நான் மூன்று மணிக்குக் குறித்திருந்தேன். அது ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விடுதிக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, ஏழு மணிக்கு மேல் போனோம், அந்த நேரத்தில் அனுமதி இலவசம். ஒன்பது மணிக்கு வெளியே வந்தபோதும் வெளிச்சம் இருந்தது. மே மாதத்தில் அங்கே சூரியன் மறைய ஒன்பதைத் தாண்டிவிடும். மதியத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஊர் பார்க்க நேரம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், சாயங்காலம் எவ்வளவு நீளம் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாம் நாள் வியாழன். மாட்ரிட்டில் வியாழக்கிழமை மெனுவில் பாயேயா வருவது வழக்கமாம், அதை நல்லபடியாகச் சாப்பிட்டுப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. ஆனால் மே 15, ஊருக்கே விடுமுறை, பலகைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. முந்தின நாளே அந்தப் பரிமாறுகிற அம்மாள் சொல்லியிருந்தாள், நாளைக்குக் கடை இல்லை, எல்லோரும் புல்வெளிக்குத்தான், ஒரு தொர்த்தியா வாங்கிக்கொண்டு போங்கள் என்று. விடுதிக்குக் கீழே இருந்த பாரில் முழுசாக ஒன்று சொல்லிவைத்து வாங்கினேன். வெங்காயம் போட்டதா போடாததா என்று கேட்டார்கள். இது அந்த நாட்டில் ஊர் இரண்டுபடுகிற கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா, வெங்காயம் போட்டது என்றாள்.

மார்க்கேஸ் தே வதீயோ நிலையத்தில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தோம். புள்ளி போட்ட நீளப் பாவாடையும் தலைத்துணியில் செருகிய கார்னேஷன் பூவுமாகப் பெண்கள், கட்டம் போட்ட தொப்பியோடு தாத்தாக்கள், அவர்களைப் போலவே உடுத்திய கைக்குழந்தைகள். சான் இசித்ரோ ஒரு பண்ணையாள். 1622-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவர் பிரார்த்தனையில் இருந்தபோது தேவதூதர்கள் வந்து அவருக்குப் பதில் ஏர் உழுதார்கள் என்று கதை. அவர் தரையைக் குத்தித் தண்ணீர் வரவழைத்ததாகச் சொல்கிற ஊற்று அங்கே சின்னக் கோயிலை ஒட்டி இருக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்க நீண்ட வரிசை. "தலைநகரத்துக்கு ஒரு ஏர் ஓட்டுறவரு சாமியா" என்று அம்மா ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்று அவளும் குடித்தாள்.

மேட்டில் ஒரு மரத்தடி கிடைத்தது. மணி இரண்டேகால். அம்மா தன் நிழலைப் பார்த்தாள், காலுக்குப் பக்கமாகச் சுருங்கிக் கிடந்தது. தொர்த்தியா, ரொட்டி, தக்காளி, ஒரு பாட்டில் தண்ணீர். வெட்டுவதற்குக் கத்தி கொண்டுவரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்த குடும்பத்தில் ஒரு பாட்டி, நான் பையைத் துழாவுவதைப் பார்த்துவிட்டு, தன் கத்தியைத் துடைத்து, பிடிப்பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பி நீட்டினார். அம்மா அதை வாங்கி எட்டாக வெட்டினாள். முதல் துண்டை ரொட்டிமேல் வைத்து அந்தப் பாட்டியிடமே கொடுத்தாள். அவர் ஒரு கடி கடித்துவிட்டு, வெங்காயம் போட்டதைக் கண்டு தலையை ஆட்டி, திரும்பித் தன் மகனிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். அவர்கள் பக்கமிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. ரொஸ்கியா, வளையம் போலச் சுட்ட இனிப்பு ரொட்டி, இந்தத் திருவிழாவுக்கென்றே செய்வது. அம்மா ஒன்றை நாலாக உடைத்து ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகரம் தெரிந்தது. நடுவில் எத்தனையோ கட்டிடங்கள் வந்துவிட்டன. அம்மா எழுந்து நின்று கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, படத்தில் பார்த்த கும்மட்டத்தைத் தேடினாள்.

"இன்னிக்கு எத்தன மணிக்கு எங்க போகணும்?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"எங்கயும் இல்லம்மா."

மறுபடி உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பாட்டி இன்னொரு கோப்பையை எடுத்து எலுமிச்சை பானத்தை ஊற்றிக்கொண்டிருந்தார்.